பிடுங்காத பல்

மனிதனுக்கு வரும் நோய்களில், வந்தவனுக்கு அழுகையையும் பார்த்தவனுக்குச் சிரிப்பையும் ஒருங்கே கொடுப்பது பல்வலி ஒன்றுதான். காலொடிந்து கிடப்பவனைக் கண்டால் இரக்கம் பிறக்கிறது. ஜுரத்தில் படுத்தவனுக்குக் கஞ்சி வருகிறது. ஆனால் ஒரு கன்னம் மட்டும் பூசணிக்காய் போல் உப்பி, அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஒருவர் கூடத்தில் வந்து நின்றால், வீட்டுக் குழந்தைகள் உள்ளே ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொள்கின்றன. பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அந்தச் சமயத்தில் சிரிக்காமல், "எங்கே, வாயைத் திறங்கள், பார்க்கலாம்" என்று சொல்கிற மனிதர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றியே இந்தக் கட்டுரை.

மயிலாப்பூரில் லஸ் மூலையிலிருந்து கபாலீசுவரர் கோயில் குளக்கரை வரையில் நடந்து பாருங்கள். தியாகராய நகரில் பனகல் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி, பாண்டி பஜார் வழியாக வாருங்கள். அடையாற்றில் காந்தி நகர், கஸ்தூரிபா நகர் வீதிகளில் மாலை வேளையில் உலாவுங்கள். வெள்ளை வெளேரென்று ஒரு கடைவாய்ப் பல்லைத் தீட்டிய பலகைகள் எத்தனை கண்ணில் படுகின்றன! மாடிப்படிக்குக் கீழே ஒன்று, மருந்துக் கடைக்கு மேலே ஒன்று, புடவைக் கடைக்கும் காப்பிக் கொட்டை அரைக்கும் கடைக்கும் நடுவே ஒன்று. இவ்வளவு பலகைகளுக்குப் பின்னால் முதுகை வளைத்து வேலை செய்துகொண்டிருக்கும் டாக்டர்கள் தங்கள் தொழிலில் சந்தோஷமாய் இருக்கிறார்களா என்று நாம் என்றைக்காவது கேட்டதுண்டா? கேட்கவும் வழியில்லை என்பது வாஸ்தவந்தான். அவரை நாம் நேருக்கு நேர் காணும் நேரமெல்லாம் நம்முடைய வாய் திறந்தே இருக்கிறது. ஆனால் பேசத்தான் முடிவதில்லை.

அவர் சந்தோஷமாய் இருந்தால் நமக்கென்ன, இல்லாவிட்டால் நமக்கென்ன என்று சில நேயர்கள் நினைக்கலாம். அப்படி அலட்சியமாய் விட்டுவிடுவதற்கில்லை. மற்ற எந்தத் தொழிலைக் காட்டிலும் இந்தத் தொழிலில், வைத்தியருடைய மனத் திருப்திக்கும் நம் வாயில் மிச்சமிருக்கும் பற்களின் ஆயுளுக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. அந்தச் சம்பந்தம் என்னவென்று பார்ப்போம்.

மேல்நாட்டார் எதையும் அளந்து பார்க்கிறவர்கள். கலிபோர்னியாவில் சில ஆராய்ச்சியாளர்கள் பொதுப் பல் வைத்தியர்களிடம் நீண்டதொரு வினாப் பட்டியலைக் கொடுத்துப் பதில் வாங்கி, அதன் முடிவுகளை 1990-ல் வெளியிட்டார்கள். பொதுப் பல் வைத்தியர் என்றால், கிளிப் போடுவதற்கு ஒருவர், ஈறுக்கு ஒருவர், வேருக்கு ஒருவர் என்று பங்கு பிரித்துக்கொண்ட நிபுணர் அல்ல. வந்தவருக்கு வந்த உபத்திரவத்தைப் பார்க்கிற வீதி டாக்டர். "உங்களுக்குத் திருப்தியா?" என்று ஒரே கேள்வியாக அந்த ஆராய்ச்சியாளர்கள் கேட்கவில்லை. நோயாளிகளோடு உள்ள உறவு எப்படி, வருமானம் எப்படி, சொந்தப் பொழுது மிஞ்சுகிறதா, உதவியாளர்கள் ஒத்துழைக்கிறார்களா, நிர்வாகத் தொல்லை எவ்வளவு, சமூகத்தில் மதிப்பு உண்டா என்று கூறு கூறாகப் பிரித்துக் கேட்டார்கள். அந்தப் பட்டியலைப் பிற்பாடு பல தேசத்தார் எடுத்து உபயோகித்தார்கள். ஹாலந்து தேசத்தார் இன்னொரு விதமாக விசாரித்தார்கள். வேலையில் ஊக்கம் தருவது எது என்று அந்நாட்டுப் பல் வைத்தியர்களைக் கேட்டபோது, செய்த வேலையின் பலன் கண்ணெதிரே உடனே தெரிவதும், அது வருஷக்கணக்கில் நிலைத்து நிற்பதுமே முக்கியம் என்று அவர்கள் சொன்னார்கள். தச்சரைக் கேட்டாலும் பொற்கொல்லரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவார்கள். பல் வைத்தியர் பாதி வைத்தியர், பாதி கம்மியர் என்பதை இந்தப் பதிலிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

கம்மியர் என்று சொன்னது குறைவாகச் சொன்னதல்ல. நம் நாட்டில் இந்தத் தொழில் கம்மியர் கையிலிருந்துதான் கலாசாலைக்குப் போயிற்று. அந்தக் கதை ருசிகரமானது.

கிழக்கு வங்காளத்தில் 1890-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி பிறந்தவர் டாக்டர் ரபியுத்தீன் அகமது. அமெரிக்காவில் ஐயோவா சர்வகலாசாலையில் படித்து 1915-ல் பல் வைத்தியப் பட்டம் பெற்றார். அங்கேயே தங்கியிருந்தால் சௌக்கியமாய் வாழ்ந்திருக்கலாம். தாய்நாட்டுக்குத் திரும்பி, 1920-ல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் வைத்தியக் கலாசாலையைத் துவக்கினார். சர்க்காரைக் கைநீட்டிக் கேட்டாரா? இல்லை. 'நியூயார்க் சோடா பவுண்டன்' என்று ஒரு குளிர்பானக் கடை வைத்து, அதில் வந்த பணத்தைக் கொண்டு கலாசாலையை நடத்தினார்! ஊராருக்குச் சர்க்கரைத் தண்ணீர் விற்ற பணத்தில் ஊராரின் பல்லுக்கு வைத்தியம் கற்பித்த இந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் வியப்பும் சிரிப்பும் ஒருங்கே வருகின்றன. அந்தக் கலாசாலையில் படித்தவர்களில் ஒருவர், பிற்காலத்தில் பாகிஸ்தான் சரித்திரத்தில் பெயர் பெற்ற பாத்திமா ஜின்னா. அவர் 1923-ல் பம்பாயில் சொந்தமாக ஒரு பல் வைத்தியசாலை திறந்தார். பெண்கள் மருத்துவக் கல்லூரி வாசலை மிதிப்பதே அபூர்வமாயிருந்த காலம் அது. இன்றைக்குத் தமிழ்நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் போய்ப் பார்த்தால் வகுப்பில் பெண்களே அதிகம். டாக்டர் அகமது பிறந்த தினத்தைத்தான் தேசியப் பல் மருத்துவர் தினமாக நம் நாட்டில் கொண்டாடுகிறார்கள்.

சென்னைக் கதை வேறு. இங்கே, கலாசாலை வருவதற்கு வெகுகாலம் முன்னரே, சீன தேசத்திலிருந்து வந்து குடியேறிய சில குடும்பங்கள் பல் வைத்தியத்தையே குலத்தொழிலாக நடத்தி வந்தன. தகப்பன் பல் கட்டுவதைப் பார்த்து மகன் கற்றுக்கொள்ளுவான். புத்தகமும் இல்லை, பரீட்சையும் இல்லை. "சைனாக்காரர் கட்டின பல்" என்றால் ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-ல், பல் வைத்தியர் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டம் பதிவேட்டை இரண்டாகப் பிரித்தது. பட்டம் பெற்றவர்களுக்கு ஒரு பகுதி. பட்டமில்லாமல், ஆனால் நெடுநாளாக இதையே ஜீவனோபாயமாகக் கொண்டு நேர்மையாக நடத்தி வந்தவர்களுக்கு இன்னொரு பகுதி. பட்டம் இல்லையென்பதற்காகக் கைவேலை தெரிந்தவர் வயிற்றில் அடிக்காத இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்கு நல்ல மனசு இருந்திருக்க வேண்டும். அதற்கு ஐந்து வருஷங்களுக்குப் பிறகு, 1953-ல், சென்னை மருத்துவக் கல்லூரியின் கிளையாகப் பல் வைத்தியப் பிரிவு ஏற்பட்டது. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள இன்றைய அரசு பல் மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததுதான். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பலகை மாட்டிக்கொண்ட முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரும் அங்கே படித்தவர்கள். சட்டத்தின் கதையையும் முடித்துவிடுகிறேன். 1948-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் ஒன்றைப் பார்லிமெண்டு 2023-ல் நிறைவேற்றியது.

நிற்க. அந்த முதல் தலைமுறை டாக்டரின் திருப்திக்குக் காரணம் என்ன? ஊரில் அவர்கள் சிலரே இருந்தார்கள். ஒரு வீட்டில் தாத்தாவுக்குப் பல் செட் கட்டினவரே பேரனுடைய பால்பல்லையும் பார்த்தார். பேரன் அந்தப் பால்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவதற்காகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். பிறகு அதே பையன் கல்யாணத்துக்கு முன் வந்து நின்றான். அவன் மனைவி பிள்ளையாண்டிருந்தபோது ஈறில் ரத்தம் வருகிறதென்று வந்தாள். டாக்டருடைய அலமாரியில் அந்தக் குடும்பத்துக்கென்று ஒரு கட்டு அட்டை இருந்தது. தாம் இருபது வருஷத்துக்கு முன் அடைத்த பல் இன்னும் ஆடாமல் அசையாமல் இருப்பதை அவர் கண்ணாலேயே பார்த்தார். நிலைத்து நிற்கும் பலன் என்று ஹாலந்து டாக்டர்கள் சொன்னது இதுதான்.

தென் சென்னையில் இந்தத் தொழிலுக்கென்று சில தனிச் சிறப்புக்களும் உண்டு. மார்கழி பிறந்தால் மயிலாப்பூரில் கச்சேரி மட்டுமா நடக்கிறது? அமெரிக்காவிலிருந்து சங்கீதம் கேட்க வரும் பிள்ளைகளும் பெண்களும், வந்த கையோடு பல்லையும் சீர் செய்துகொண்டு போகிறார்கள். அங்கே ஒரு பல்லுக்கு ஆகும் செலவில் இங்கே வாய் முழுவதையும் பார்த்துக்கொண்டு, பெட்டி நிறைய ஊறுகாயும் வாங்கிக்கொண்டு போகலாம் என்பது அவர்கள் கணக்கு. காலையில் சபாவில் தோடி, மத்தியானம் டாக்டர் வீட்டில் ஏரோட்டரின் தாரஸ்தாயி! 1957-ல் புழக்கத்துக்கு வந்த அந்த அதிவேகத் துளைகருவியின் கீச்சுக் குரலைக் கேட்டு நடுங்காதவர் யார்?

சங்கீதம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நாகசுரம் வாசிப்பவருக்கு முன்பற்கள் வெறும் அலங்காரமல்ல. சீவாளியை உதடு கவ்வும்போது அதற்குப் பின்னாலிருந்து தாங்குபவை அவைதான். முன்பல் ஒன்று விழுந்துவிட்டால் காற்று வழி தவறுகிறது, ஸ்வரம் பிசிறுகிறது, முகூர்த்தத்தில் கெட்டி மேளம் கொட்டும் சமயத்தில் மானம் போகிறது. அப்படி வந்த ஒருவருக்கு, உதட்டின் அழுத்தத்தைக் கவனித்து, மயிரிழை கூடாமலும் குறையாமலும் பல்லைக் கட்டிக் கொடுத்து, அவர் வாத்தியத்தை அங்கேயே எடுத்து ஒரு கீற்று வாசித்துக் காட்டினால், அந்த டாக்டருக்கு வேறு என்ன விருது வேண்டும்? கோடம்பாக்கத்து நடிகருக்குப் பல்லைப் பளிச்சென்று ஆக்கிக் கொடுப்பதில் வருகிற பணம் இதில் வராமலிருக்கலாம். இதில் வருகிற நிறைவு அதில் வராது.

ஆனால் இந்த நிறைவைப் பெறுகிறவர் தரும் விலையையும் சொல்ல வேண்டும். அவர் வேலை செய்யும் இடம் ஒரு குழந்தையின் கைப்பிடியளவு. அங்கே வெளிச்சம் கிடையாது. எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. நாக்கு என்கிற பிராணி ஒருவருக்கும் அடங்காமல் புரண்டுகொண்டிருக்கிறது. அந்த இருட்டுக் குகைக்குள் தலையைச் சாய்த்து, கழுத்தை வளைத்து, தோளைத் தூக்கிக்கொண்டு நாள் முழுதும் வேலை செய்கிறவருக்குக் கழுத்துவலியும் முதுகுவலியும் வராமல் என்ன செய்யும்? பிறர் வலியைப் போக்கிக்கொண்டே தம் வலியைச் சம்பாதிக்கிறவர் அவர். எதிரில் உட்கார்ந்திருக்கிறவரோ பயத்தால் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். "டாக்டர், உங்களைப் பார்ப்பதற்கே எனக்குப் பிடிக்கவில்லை" என்று முகத்துக்கு எதிரே சொல்லிவிட்டு உட்காருகிறார். வேறு எந்த வைத்தியரிடத்திலாவது இப்படிச் சொல்லுவோமா? உண்மையில், வலி தெரியாமல் சிகிச்சை செய்யும் வித்தையை உலகத்துக்குக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் பல் வைத்தியர்களே. 1844-ல் ஹோரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் நைட்ரஸ் ஆக்ஸைட் வாயுவை முகர்ந்து தம்முடைய பல்லையே பிடுங்கச் செய்து பார்த்தார். 1846-ல் வில்லியம் மார்ட்டன் என்ற இன்னொருவர் பாஸ்டன் ஆஸ்பத்திரியில் ஈதரைக் கொண்டு நோயாளியை மயங்கச் செய்ய, ரண வைத்தியர் கட்டியை அறுத்தெடுத்தார். அந்த உபகாரத்தை நாம் மறந்துவிட்டோம். கொறடாவை மட்டும் மறக்கவில்லை.

இவ்வளவு சிரமங்களும் தொழிலோடு பிறந்தவை. டாக்டர்களும் இவற்றைப் பெரிதாய்ச் சொல்லிக் குறைப்படுவதில்லை. அவர்கள் மனத்தை அரிக்கும் சொத்தை வேறிடத்தில் இருக்கிறது.

அண்ணாமலைப் பல்கலைக் கழகம் சிதம்பரத்தில் 1980-ல் ஒரு பல் மருத்துவக் கல்லூரி துவக்கியது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னையைச் சுற்றிலும் தனியார் கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. இன்று இந்தியாவில் பல் மருத்துவக் கல்லூரிகள் முந்நூறுக்கு மேல். பதிவு பெற்ற பல் மருத்துவர்கள் இரண்டரை லட்சத்துக்கு மேல். தேசத்தின் பற்களுக்கு இது போதாது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் டாக்டர்கள் இருக்கும் இடத்தில் பல்வலி இல்லை. பல்வலி இருக்கும் இடத்தில் டாக்டர்கள் இல்லை. தர்மபுரி ஜில்லாவில் நிலத்தடி நீரில் மிகுந்த புளோரைடு உப்பினால் குழந்தைகளின் பற்கள் பழுப்பேறிக் கிடக்கின்றன. தியாகராய நகரிலோ ஒரே வீதியில் பலகைக்குப் பலகை முட்டிக்கொள்கிறது. பட்டதாரி கிராமத்துக்குப் போகக் கூடாதா என்று கேட்பது எளிது. நாற்காலி, காற்றழுத்த யந்திரம், எக்ஸ்ரே, கருவிகளை ஆவியில் கொதிக்கவைக்கும் பாத்திரம் எல்லாவற்றையும் கடன் வாங்கி வைத்துவிட்டு, பல் ஆடினால் நூலைக் கட்டி இழுத்துக்கொள்ளும் ஊரில் அவர் யாரிடம் கூலி வாங்குவது? நகரத்து ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உள்ள சர்க்கார் உத்தியோகங்கள் மிகக் கொஞ்சம்.

நான்கு வருஷப் படிப்பு, ஒரு வருஷப் பயிற்சி, தனியார் கல்லூரியானால் பல லட்சம் ரூபாய் கட்டணம். இத்தனையும் முடித்து வெளியே வரும் பையனோ பெண்ணோ, பெரியதொரு வைத்தியசாலையில் உதவி டாக்டராய்ச் சேர்ந்தால் கிடைக்கும் சம்பளத்தைச் சொல்லவே கூசுகிறார்கள். அதனால் எத்தனையோ பேர், பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள கம்பெனிகளில் அமெரிக்க நோயாளிகளின் கணக்குக்கு மருத்துவக் குறியீடு எழுதும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். கொறடாவைப் பிடிக்கப் பழகிய கை, விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களைக் குறை சொல்லுவது நியாயமில்லை. வீட்டில் கடன்காரன் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

சொந்தமாக வைத்தியசாலை திறந்தவர் கதை என்ன? பாண்டி பஜாருக்கு அருகில் வாடகை எவ்வளவு என்று நேயர்களுக்குத் தெரியும். மருத்துவக் கழிவுகளை நிறவாரியாகப் பிரித்துக் கொடுக்கவேண்டுமென்று 2016-ம் வருஷத்து விதிகள். எக்ஸ்ரே யந்திரத்துக்கு அணுசக்தி ஒழுங்காற்று வாரியத்தின் அனுமதி. மருத்துவ நிலையச் சட்டத்தின்கீழ்ப் பதிவு. இவையெல்லாம் ஜனங்களின் நன்மைக்காக ஏற்பட்டவை. வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாற்காலி வைத்துக்கொண்டு ஒரு பெண் உதவியாளரோடு தொழில் செய்கிறவர், பகலில் டாக்டராகவும் இரவில் குமாஸ்தாவாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. எதிர் வரிசையில் கண்ணாடிக் கதவும் குளிர்ச்சி யந்திரமுமாகப் பெரிய கம்பெனி ஒன்று கிளை திறந்து, முதல் பரிசோதனை இலவசம் என்று அறிவிக்கிறது. இலவசமாய் வாயைத் திறந்தவர் எத்தனை ஆயிரத்தோடு வாயை மூடினார் என்பது அவரவர்க்கே வெளிச்சம்.

இங்கேதான் நாம் முதலில் சொன்ன சம்பந்தம் வருகிறது. பல் வைத்தியத்தில் ஒரு விசித்திரம் உண்டு. டாக்டர் ஏதாவது செய்தால்தான் கூலி. செய்யாமலிருந்தால் கூலி இல்லை. ஆனால் நல்ல டாக்டர் செய்யும் மிகச் சிறந்த காரியம் பல சமயங்களில் ஒன்றும் செய்யாமலிருப்பதே. பல்லின் மேற்பூச்சில் வெள்ளைப் புள்ளியாய்த் தோன்றும் ஆரம்பச் சொத்தை, புளோரைடாலும் ஒழுங்காய்த் துலக்குவதாலும் பல நேரம் அங்கேயே நின்றுவிடும், குடைய வேண்டியதில்லை. உபத்திரவம் தராத ஞானப்பல்லை முன்ஜாக்கிரதைக்காகப் பிடுங்குவது வேண்டாமென்று இங்கிலாந்தில் 2000-ம் வருஷத்திலேயே மருத்துவ வழிகாட்டிக் குழுவினர் சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் எடுத்துச் சொல்லி அனுப்பும் டாக்டருக்குப் பார்த்த கூலியாகச் சில நூறு ரூபாய் கிடைக்கும். அதே பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்து, மேலே கேப் மாட்டினால் பல ஆயிரம்.

மயிலாப்பூர் மாமி ஒருத்தியும் அவளுடைய டாக்டரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"ஏம்மா டாக்டர், இந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி எறிஞ்சுடு. ராத்திரி பூரா தூக்கமில்லை. விட்டது சனியன்னு இருக்கலாம்."

"மாமி, பல்லில் ஒன்றுமில்லை. ஈறில் அழுக்குச் சேர்ந்து வீங்கியிருக்கிறது. சுத்தம் செய்துவிடுகிறேன். உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளித்துக்கொண்டு வாருங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம்."

"எதிர்த்த கடையிலே நாலு பல்லுக்கு வைத்தியம் பண்ணணும்னு எழுதிக் கொடுத்தாளே!"

"அவர்கள் எழுதினதைப் பற்றி நான் சொல்வதற்கில்லை. என் அம்மாவாயிருந்தால் இதைத்தான் செய்வேன்."

மாமி அரை மனசோடு எழுந்து போகிறாள். டாக்டர் அம்மாள் அட்டையில் இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறாள். மாதக் கடைசியில் வாடகைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான். அந்த இரண்டு வரிகளை எழுதும் சுதந்திரம் அவளுக்கு இருக்கிற வரையில் அவள் தன் தொழிலில் திருப்தியோடு இருக்கிறாள். மாதத்துக்கு இத்தனை வேர்ச் சிகிச்சை, இத்தனை கேப் என்று மேலிருந்து ஒருவர் கணக்குக் கேட்கும் இடத்தில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தால், அந்த வரிகளை எழுதக் கை நடுங்கும். வருமானம் போதவில்லை என்ற துக்கத்தைக் காட்டிலும், செய்யத் தேவையில்லாததைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிற துக்கம் பெரிது. முதல் துக்கத்தோடு ஒரு டாக்டர் முப்பது வருஷம் தொழில் நடத்திவிடலாம். இரண்டாவது துக்கம் வந்தவர் சில வருஷங்களிலேயே சலித்துப் போகிறார். அல்லது துக்கம் மரத்துப் போகிறது. மரத்துப் போனவரிடம் பல்லைக் காட்டுகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

பிடுங்காத பல்லைப் போலவே, கண்ணில் பட்ட ஒரு புள்ளியும் டாக்டருக்குத் திருப்தி தருவதுண்டு. அடையாறு பக்கம் வரும்போது அந்த விஷயத்தைச் சொல்லாமலிருக்க முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மாளின் பெருமுயற்சியால் 1954-ல் அங்கே புற்றுநோய் நிலையம் ஏற்பட்டது. வாய்ப்புற்று மிகுந்த தேசங்களில் நம் தேசமும் ஒன்று. புகையிலை மட்டுமல்ல, கொட்டைப் பாக்கே புற்றை உண்டாக்க வல்லது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 2004-ல் வெளியிட்டார்கள். தாம்பூலம் தரித்தே வளர்ந்த நமக்கு இது கசப்பான செய்திதான். கன்னத்தின் உட்புறம் ஒரு வெண்படலம், நாக்கோரத்தில் இரண்டு வாரத்துக்கு மேலாகியும் ஆறாத ஒரு புண், வாய் நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே வருதல் ஆகிய அறிகுறிகளை முதலில் காணக்கூடியவர் யார்? பெரிய ஆஸ்பத்திரி நிபுணர் அல்ல. அவரிடம் போவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. பல் கூச்சமென்றோ கிளீனிங் என்றோ சொல்லி வந்து உட்கார்ந்தவரின் நாக்கைத் துணியால் பிடித்து ஒதுக்கிப் பார்க்கிற வீதி டாக்டர்தான். நாக்கை ஒதுக்கிப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் ஆகும். அந்த நிமிஷத்துக்குத் தனிக் கூலி கிடையாது. அவசரத்தில் இருக்கிறவர், அடுத்த நாற்காலிக்கு ஓடவேண்டியவர், அந்த நிமிஷத்தைத்தான் முதலில் மிச்சம் பிடிக்கிறார்.

கொள்ளை நோய்க் காலத்தில் இந்த உறவு எவ்வளவு மெல்லியது, எவ்வளவு உறுதியானது என்று இரண்டும் தெரிந்தன. 2020 மார்ச் 25-ந் தேதி தேசம் முழுதும் அடைக்கப்பட்டது. ஏரோட்டர் சுழலும்போது வாயிலிருந்து புகைபோல் கிளம்பும் துளிகளில் நோய்க் கிருமி இருக்கக்கூடும் என்பதால், வைத்தியர்களுக்குள் பல் வைத்தியருக்கே ஆபத்து அதிகமென்று உலகெங்கும் பேசினார்கள். அவசரச் சிகிச்சை தவிர மற்றவை நின்றன. வருமானம் நின்றது, வாடகை நிற்கவில்லை. அந்த மாதங்களில் டாக்டர்கள் டெலிபோனில் வைத்தியம் சொன்னார்கள். பேரன் கையிலுள்ள போனைப் பாட்டியின் வாய்க்குள் காட்டி அனுப்பிய படத்தைப் பார்த்து, எந்த மாத்திரையை எத்தனை வேளை என்று எழுதி அனுப்பினார்கள். இதற்கெல்லாம் பில் போடுவது எப்படி என்று பலருக்குத் தோன்றவேயில்லை. கதவு மறுபடி திறந்தபோது, அங்கி, முகமூடி, கண்ணாடிக் கவசம் என்று செலவு கூடிற்று. ஆனால் பழைய குடும்பங்கள், மூடியிருந்த காலத்தில் வேறிடம் தேடாமல், அதே மாடிப்படியை ஏறி வந்தன.

அப்படி ஏறி வந்தவர்களுக்காகத்தான் சில டாக்டர்கள் இன்னும் ஒரு நாற்காலியோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது கிளை திறக்கவில்லையா என்று நண்பர்கள் கேட்டால், "இருக்கிறவர்களைப் பார்த்தால் போதும்" என்று பதில் வருகிறது. சோம்பல் என்று எண்ண வேண்டாம். கிளை திறந்தால் அங்கே வேறொருவர் பார்ப்பார். தாம் அடைத்த பல்லைத் தாமே பத்து வருஷம் கழித்துப் பார்க்கும் பாக்கியம் போய்விடும்.

இரவு எட்டரை மணி. மாட வீதியில் காய்கறிக் கடைகளில் விளக்கு அணைகிறது. உதவிப் பெண் கருவிகளைக் கழுவி ஆவிப் பாத்திரத்தில் வைத்து மூடுகிறாள். டாக்டர் அம்மாள் அன்றைய அட்டைகளை எடுத்து வரிசையில் செருகிக்கொண்டிருக்கிறாள். ஒரு அட்டையில் கூலி எழுதும் இடம் வெறுமையாய் இருக்கிறது. அதற்கு மேலே இரண்டு வரி: "கீழ்க் கடைவாய்ப் பல்: ஒன்றும் செய்யவில்லை. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னேன்." அதற்கும் மேலே, மங்கிய மசியில், வேறொரு கையெழுத்தில், அவளுக்கு முன் அதே அறையில் தொழில் நடத்தியவர் அதே பல்லைப் பற்றி எழுதியிருக்கும் குறிப்பும் ஏறக்குறைய அதேதான்.